கமால் போட்ட பெல்ட்

டில்லிபாபுவின் அம்பாசிடரில் முன் சீட்டில் ஏறியவர்கள் யாரும் பெல்ட் போடாமல் போய்ச் சேர்ந்ததில்லை. ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, "போலாம்ப்பா" என்று சொன்ன பிறகும் வண்டி நகராது. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். டில்லிபாபு தன் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருப்பான். வந்தவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

"இன்னாப்பா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"பெல்ட்டு, சார்."

"போலீசு டோல்கேட்லதான நிப்பான்? அங்க வந்தா போட்டுக்கறேன்."

"இங்கியே போட்டுக்கோ சார். டோல்கேட்டு வரிக்கும் ரோட்ட பஞ்சுலயா போட்டு வெச்சிக்கிறான்?"

கல்மண்டபத்துப் பக்கம் இருந்த கார் ஸ்டாண்டில் அவனுக்கு இதனால் நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. முன் சீட்டுக்குப் பெல்ட் இல்லாவிட்டால் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் எழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் ஜனங்கள் பெல்ட்டை வைத்துப் பிழைக்கப் பழகிவிட்டார்கள். துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸ்காரர்கள் காக்கிச் சட்டையைக் கண்டதும் பெல்ட்டை இழுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, முனையைத் தொடைக்கடியில் செருகிக்கொள்வார்கள். சிக்னல் தாண்டியதும் விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சட்டை கசங்கும் என்பார்கள். ஒரு பெரியவர், தன்னைக் கைது பண்ணிக் கூட்டிப் போவதுபோல இருக்கிறது என்று சொல்லி, தெருமுனை தாண்டும்வரை முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பவுனம்மாள் பெல்ட்டைத் தனக்குப் போட்டுக்கொள்ளாமல் மடியில் இருந்த மீன் கூடைக்குச் சுற்றினாள். டில்லிபாபு கேட்டதற்கு, "நான் வுயுந்தா எயுந்துப்பேன் நைனா. வஞ்சரம் வுயுந்தா அதுவே எயுந்துக்குமா?" என்றாள். அன்றைக்கு அவன் கூடையோடு சேர்த்து அவளையும் உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தான்.

டிரைவர்கள் பாடு இன்னும் சுலபம். பெல்ட்டைப் பூட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்டாண்டில் மூத்தவனான சின்னப்பையன் தன் பெல்ட்டில் துண்டு காயப் போடுவான்.

"தோ வந்துட்டாருடா பைலட்டு," என்பான் டில்லிபாபுவைப் பார்த்து. "மாமு, பிளேனு எத்தினி மணிக்குக் கெளம்புது? டிபன் குடுப்பியா?"

"உன் மண்ட கண்ணாடில இடிச்சி ரெண்டா பொளக்கற அன்னிக்கி குடுக்கறேன்."

சொல்லிவிட்டு டில்லிபாபு சிரிப்பான். அவனுக்குக் கோபம் வராது. அவனுக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கார் ஓட்ட வருவதற்கு முன்னால் அவன் துறைமுகத்தில் சரக்குக் கட்டும் கும்பலில் இருந்தவன். கப்பலின் மேல்தட்டில் மரத்தடி, இரும்புச் சுருள், கருங்கல் பாளம் என்று எது ஏறினாலும், அது கடலில் நகராதபடி சங்கிலியாலும் கம்பி வடத்தாலும் இழுத்துக் கட்டுவது அவர்கள் வேலை. ஒருமுறை சரியாகக் கட்டாத ஒரு கருங்கல், கப்பல் லேசாகச் சாய்ந்தபோது, அவசரமே இல்லாமல் நகர்ந்து வந்து பக்கத்துக் கும்பலில் ஒருவன் காலை இரும்புச் சுவரோடு வைத்து நசுக்கியதை அவன் பார்த்திருக்கிறான். வண்டி ஓட்ட வந்த பிறகு, பெல்ட் என்றால் என்ன என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சரக்கைக் கட்டுகிறோம். மனுஷனும் வண்டியில் ஏறிவிட்டால் சரக்குதான்.

அந்த வேலையில் இருவர் இருவராகத்தான் நிற்பார்கள். டில்லிபாபுவுக்கு ஜோடி கமால். ராயபுரத்துக்காரன், ஒரே வயது, வாய் ஓயாதவன். ஜோடிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவன் தன் பக்கம் கட்டி முடித்துவிட்டால், சரக்கின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி "ஆச்சு" என்பான். அதற்குப் பிறகு மற்றவன் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் உன் வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அதற்காகவே கைகலப்பாகி, ஜோடி பிரிந்து, பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்கள் உண்டு. கமால் "ஆச்சு" என்று சொன்ன சரக்குக்கு அடியில் டில்லிபாபு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியிருக்கிறான்.

கண்டெய்னர்கள் வந்து குவிந்தபோது கட்டுகிற வேலை குறைந்து கும்பல்கள் கலைந்தன. டில்லிபாபு பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தான். கமால் டோல்கேட்டில் மச்சான் நடத்திய சீட் கவர் கடையில் உட்கார்ந்து, பிறகு அதைத் தானே எடுத்துக்கொண்டான்.

பெல்ட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்றதும் சீட் கவர் கடைகளின் முன்னால் பெல்ட் வைக்க வண்டிகள் வரிசை கட்டின. பழைய அம்பாசிடர்களில் பெல்ட் என்று ஒன்று கிடையாது. புதிதாகத்தான் வைக்க வேண்டும். டில்லிபாபு ஸ்டாண்டிலேயே முதல் ஆளாகக் கமாலிடம் போய் நின்றான். "எங்க வூட்டுக்காரி எயிலு முன்னால குந்திகினு வர்றவ. ஒயுங்கா போடு," என்று சொல்லிவிட்டு நாஸ்டா சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது கறுப்பு பெல்ட் இரண்டு பக்கமும் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. கமால் கதவுத் தூணில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஆச்சு, மாமு."

டில்லிபாபு குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் யாராவது பெல்ட்டைப் பற்றி வாயைத் திறந்தால், "எங்க கமாலு போட்டது. யானைய கட்டி இஸ்துகினு போலாம்," என்பான். கமால் அந்த வண்டியில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறான். பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "முதலாளி மாரி வரேன், ஓட்டுடா டிரைவர்," என்பான். "ஓகே சேட்டு," என்று டில்லிபாபுவும் ஓட்டுவான்.

டில்லிபாபுவின் மனைவி எழில்மொழி வியாசர்பாடியில் ஒரு பால்வாடியில் டீச்சர். எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு வைத்திருப்பவள். பெல்ட் விஷயத்தில் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், அதுவும் சேலை கசங்குகிறது என்று திட்டிக்கொண்டேதான். ஆனாலும் ஒரு பழக்கத்தை அவள் விடவில்லை. வண்டி வேகம் எடுத்தால் முன்னால் இருக்கும் டாஷ்போர்டின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அது அவனுக்குப் பிடிக்காது. பெல்ட் போட்டுக்கொண்டு எதையாவது பிடித்துக்கொண்டு வருவது, கட்டிய சரக்குக்குப் பக்கத்தில் நின்று கையாலும் தாங்கிக்கொள்வது மாதிரி அவனுக்குத் தோன்றியது.

ரம்ஜான் மாதம், மழைக்காலம். எழில்மொழியின் தங்கை சங்கமித்ரா அத்திப்பட்டில் இருந்தாள். அவள் புருஷன் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை. புது வாடகை வீட்டுக்கு மாறியிருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் ஒரு காலை நேரத்தில் கிளம்பினார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு பக்கம் கடல், கல் சுவர்மேல் அலை அடித்து ரோட்டுவரை தெறித்தது. மறுபக்கம் கண்டெய்னர் லாரிகள். இடையில் ரோடு கொஞ்சம் காலியாகக் கிடந்த இடத்தில் டில்லிபாபு மிதித்தான். எழில்மொழியின் கைகள் டாஷ்போர்டுக்குப் போயின.

"கைய எடு எயிலு."

"எனுக்கு பயமா கீது."

"பெல்ட்டு எதுக்கு கீது? அத்த நம்பு. மடில வெச்சிகினு ஒயுங்கா குந்து. பாக்கறவன் இன்னா நெனைப்பான், டில்லிக்கு ஓட்டத் தெர்லன்னு நெனைப்பான்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

வளைவு திரும்பியதும் ஒரு டிரைலர், பின்விளக்கும் எரியாமல், மழைச் சாரலில் ரோட்டோடு ரோடாக நின்றிருந்தது. டில்லிபாபு பிரேக்கை மிதித்தான். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய் டிரைலரின் பின்புறத்தில் மோதியது. பெரிய மோதல் இல்லை. வேகமெல்லாம் முன்னாலேயே குறைந்துவிட்டிருந்தது. பம்பர் மடங்கியது, ஒரு விளக்கு உடைந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததால் டில்லிபாபுவுக்கு மார்பில் ஓர் இடி மட்டும்தான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

எழில்மொழியின் முகம் டாஷ்போர்டின் மேல் கிடந்தது. பெல்ட் அவள் மார்பின் மேல் பூட்டியபடியே, ஆனால் தொளதொளவென்று, தோளிலிருந்து சரிந்து கிடந்தது. அவள் நிமிர்ந்தபோது மேல் உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. இடது மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. வாயைத் தொட்டு, கையைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. பல்லுக்கு ஆறிய பிறகு வரச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வாய். அன்று அவள் ஏதோ கேட்க முயன்றபோது காற்றுதான் வந்தது. என்ன கேட்டாள் என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்க அவளுக்கும் தெம்பில்லை.

மறுநாள் அவன் தனியாக வண்டியைத் திறந்து பார்த்தான். பெல்ட்டின் மேல்முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு வளையத்தில் இரண்டு ஸ்க்ரூக்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டுவதற்கு முடுக்குவார்களே, அந்த ஸ்க்ரூ. தூணில் அது இருந்த இடத்தில் தகரம் காகிதம் மாதிரிக் கிழிந்திருந்தது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தான். கீழ்முனையும் அதே மாதிரி ஸ்க்ரூவில்தான் நின்றது. அங்கே கட்டைவிரல் கனத்துக்கு ஒரு போல்ட் இருக்க வேண்டும், பின்னால் ஒரு தகடு, தகட்டில் பற்றவைத்த நட்டு. எதுவும் இல்லை. அவனுடைய பக்கத்துப் பெல்ட்டும் பாதி பிடுங்கி நின்றிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் தெரியவில்லை.

அவன் எழில்மொழியின் சீட்டில் உட்கார்ந்தான். இரண்டு வருஷமாக இந்த இடத்தில் யார் யாரை உட்கார வைத்து, வண்டி எடுக்காமல் காத்திருந்து, வற்புறுத்திப் பூட்ட வைத்தோம் என்று ஒவ்வொரு முகமாக வந்தது. பவுனம்மாளின் முகம் வந்ததும் எழுந்துவிட்டான்.

டோல்கேட்டில் கமால் தையல் மிஷினில் குனிந்திருந்தான். டில்லிபாபுவைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னா மாமு, எயிலு எப்டி கீது? நேத்தே வரலாம்னு பாத்தேன், நோம்பு தொறந்து—"

டில்லிபாபு உள்ளங்கையை விரித்தான். கமால் ஸ்க்ரூக்களைப் பார்த்தான். பிறகு மிஷின் சுவிட்சை அணைத்தான்.

"இது இன்னா கமாலு?"

"டில்லி, குந்து மொதல்ல."

"இது இன்னான்னு கேட்டேன்."

"அல்லா வண்டிக்கும் அதான்டா போட்டுகினு இருந்தோம்." கமாலின் குரல் தாழ்ந்திருந்தது. "காலைல கட தொறந்தா தெரு முனை வரிக்கும் வண்டி நிக்குது. தொளை போட்டு, தகடு வெச்சி, வெல்டிங் வெச்சி போடணும்னா ஒரு வண்டிக்கு ஒரு நாளு ஆவும். யாரு கேட்டா அத்த? போலீசு கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னுதான அல்லாரும் வந்தானுங்க. சின்னப்பையன் வண்டில கீறதும் இதான். போய் இஸ்துப் பாரு."

"நான் போலீசுக்கா கேட்டேன்? எயிலு குந்துவான்னு சொன்னேனே உங்கிட்ட."

"அது பேச்சுக்கு சொல்றன்னு நெனச்சேன் மாமு. சத்தியமா. ஒருத்தன் தொங்கவுடுவான், ஒருத்தன் மேல குந்துவான், நீ பூட்டிக்கிற. அவ்ளோதான்னு நெனச்சிகினு இருந்தேன். நீ நெசமாவே நம்பிகினு கீறன்னு தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பனா? யார்ரா நீ எனுக்கு?"

கமால் தன் நெற்றியில் அறைந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. "வண்டிய இங்க வுட்டுட்டுப் போ. வேற எவனும் கை வெக்க வேணாம். நானே போட்டுத் தரேன்."

திரும்பும் வழியில் ஸ்டாண்டில் சின்னப்பையனிடம் கேட்டான். சின்னப்பையன் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"உனுக்குத் தெரியாதா மாமு? போலீஸ் பெல்ட்டுன்னு பேரே அதான. நீ தெரிஞ்சிகினே சவாரிக்கு சீன் போடறன்னு நெனச்சோம். இன்னாமா நடிக்கிறான் பாருன்னு பேசிகினோம்."

அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது. ஸ்டாண்டு முழுக்க அவனைத் தப்பாக நினைத்திருந்தால், கமாலும் அப்படி நினைத்திருக்கலாம். ஊரே ஒரு மாதிரி செய்யும்போது ஒருவன் மட்டும் வேறு மாதிரி செய்தால், அவன் விளையாடுகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தப்பு கமாலுடையது, அவசரத்தில் செய்த வேலை. அதைவிடப் பெரிய தப்பு தன்னுடையது, குனிந்து பார்க்காதது. டில்லிபாபு இப்படித் தனக்குத் தானே பல முறை சொல்லிக்கொண்டான். கமாலின் சங்கிலிக்கடியில் தூங்கியவன் அவன். அந்தத் தூக்கமெல்லாம் சரியான தூக்கம்தான் என்று அவனுக்கு நம்ப வேண்டியிருந்தது.

வீட்டில் எழில்மொழியிடமும் அப்படியே சொன்னான். அவள் சிலேட்டை எடுத்து வலது கையால் எழுதிக் காட்டினாள்: "நீ நம்பறது அவருக்குத் தெரியாதா?" அவன், "தெரியாதாம்," என்றான். அவள் அதை அழித்துவிட்டுச் சிலேட்டைத் தள்ளி வைத்தாள்.

சில நாள் கழித்து, தையல் கொஞ்சம் ஆறி அவள் மெல்லப் பேச ஆரம்பித்திருந்த சமயம், கமாலின் மனைவி மலிகா வந்தாள். மாலைவேளை. பள்ளிவாசலில் கொடுத்த நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். மெல்ல வேண்டாம், அப்படியே குடிக்கலாம் என்று அவளே டம்ளரில் ஊற்றினாள். ஹவுசிங் போர்டு வீட்டின் ஒற்றை அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மலிகா எழில்மொழியின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அவர திட்டாத திட்டு இல்லக்கா. நோம்போட திட்டக் கூடாதுன்னு பாக்கறேன், வாய் நிக்க மாட்டுது."

"வுடு மலிகா," என்றான் டில்லிபாபு. "அவனுக்கு இன்னா தெரியும்? நானும் போலீசுக்குத்தான் போடறேன்னு நெனச்சிட்டான்."

மலிகா புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"அப்டியா சொன்னாரு?"

"பின்ன?"

"இல்லண்ணா... பொன்னேரில எங்க தங்கச்சி நிக்காஹ்க்கு உங்க வண்டிலதான போனோம்? எனுக்கு வாந்தி வரும், முன்னால குந்தறேன்னு கேட்டேன். ஒரே புடியா பின்னால தள்ளிவுட்டாரு. எனுக்கு அயுகையா வந்துச்சி. அப்புறம் காதுல சொன்னாரு. 'டில்லி வண்டில மட்டும் முன்னால குந்தாத. அந்தப் பெல்ட்டு ஒண்ணுத்துக்கும் ஒதவாது. அவன் அத்த நெசம்னு நம்பிகினு ஓட்றான்'னு." அவள் நிறுத்தினாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் நெனச்சேன்... அப்பால அவரு உங்ககிட்ட சொல்லி மாத்திருப்பாருன்னு. அல்லா, நானாவது சொல்லிருக்கணும்."

"எப்போ அந்தக் கல்யாணம்?" என்று எழில்மொழி கேட்டாள். பல் இல்லாத இடத்தில் வார்த்தை வழுக்கியது.

"போன வருசம். பக்ரீத்துக்கு முந்தி."

பொன்னேரிக்குப் போன அந்த நாள் டில்லிபாபுவுக்கு நன்றாக நினைவிருந்தது. கமாலும் மலிகாவும் பின்னால். முன் சீட் காலியாகப் போக வேண்டாம் என்று கமால்தான், "எயிலு, நீ முன்னால குந்திக்கோ, காத்து வரும்," என்று கதவைத் திறந்துவிட்டான்.

மலிகா தூக்குவாளியை எடுக்க மறந்து போய்விட்டாள். எழில்மொழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆடை கட்டியது.

"கைய எடுன்னு நீ சொன்னப்போ, பெல்ட்ட நம்பி எடுக்கல," என்றாள். "உன்ன நம்பித்தான் எடுத்தேன்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தான் தனியாக ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் கீழே அம்பாசிடரின் ஹாரன் கேட்டது. கமால் வண்டியைக் கொண்டுவந்திருந்தான். பம்பரை நிமிர்த்தி, விளக்கு மாற்றி, கழுவியும் இருந்தான். டில்லிபாபு இறங்கிப் போனான்.

"வா மாமு, பாரு. இன்னிக்கி யானைய இல்ல, ஹார்பர் கிரேன கட்டலாம். தொங்கிப் பாரு."

டில்லிபாபு மிதியடியைத் தூக்கினான். விரலை விட்டுத் தடவினான். தடித்த போல்ட், பின்னால் தகடு, வெல்டிங் வைத்த இடத்தில் ஈரம் படாமல் கறுப்புப் பெயின்ட். தூணிலும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், பூட்டிக் கழற்றியும் பார்த்தான். கமால் பக்கத்தில் நின்று அவன் விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய நாளாக இருந்தால் இதற்கே சண்டை வந்திருக்கும். கமால் தள்ளி நின்று வழிவிட்டான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இவனுக்கு இப்படியும் செய்யத் தெரியும்.

"ஏறு. டோல்கேட்ல வுடறேன்."

கமால் பின்கதவைப் பிடித்தான்.

"முன்னால."

கமால் ஒரு கணம் நின்றுவிட்டு முன்னால் ஏறினான். தானாகவே பெல்ட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு கூட்ஸ் வண்டி நிலக்கரி ஏற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டில்லிபாபு இன்ஜினை அணைத்தான்.

"மலிகா வந்துச்சி நேத்து."

"தெரியும். கஞ்சி குடுத்துட்டு வரேன்னு சொல்லிச்சி."

"பொன்னேரி கல்யாணத்துக்குப் போனத சொல்லிச்சி."

கமால் எதிரே போகும் வேகன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லலாம்னு எத்தினியோ வாட்டி வந்தேன்டா. நீ ஸ்டாண்டுல கமாலு போட்டது கமாலு போட்டதுன்னு அல்லார்கிட்டயும் சொல்லிகினு கீற. அந்த மூஞ்சப் பாத்து எப்டிச் சொல்றது? நாளு ஆவ ஆவ பேஜாராப் பூட்ச்சி. மாத்திடலாம், சர்வீசுக்கு வர்றப்போ சொல்லாம மாத்திடலாம்னு நெனச்சேன். அப்டியே தள்ளிப் பூட்ச்சி."

"மலிகாகிட்ட சொன்னியே."

"அவ எம் பொண்டாட்டிடா."

சொன்ன பிறகுதான் கமாலுக்கு அது காதில் விழுந்தது.

"எயிலு?" என்றான் டில்லிபாபு.

வேகன்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக கார்டு பெட்டியும் போனது. கேட்டுக்காரர் கட்டையைத் தூக்க ஆரம்பித்ததும் பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. டில்லிபாபு வண்டியைக் கிளப்பவில்லை.

"எறங்கு."

"டில்லி—"

"எறங்கு கமாலு."

கமால் பூட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அது விடவில்லை. புதிய பூட்டு. கட்டைவிரலால் அழுத்தினான், இரண்டு கையாலும் அழுத்தினான். பின்னால் ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு தாண்டிப் போயின. கமாலின் நெற்றியில் வேர்த்தது. நோன்பு நாள், உதடு வறண்டிருந்தது. ஒருமுறை டில்லிபாபுவைத் திரும்பிப் பார்த்தான். டில்லிபாபுவுக்கு அந்தப் பூட்டை எப்படி ஓரமாக அழுத்தினால் விடும் என்று தெரியும். அவன் கை கியர் மேலேயே இருந்தது.

கடைசியில் அது விட்டது. கமால் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்கு நேராகக் குனிந்து எதையோ சொன்னான். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. டில்லிபாபு கேட்கவும் முயலவில்லை. வண்டியைக் கிளப்பித் தண்டவாளத்தைத் தாண்டினான்.

தாண்டிய பிறகுதான் எங்கே போவது என்று யோசித்தான். எழில்மொழி இந்நேரம் ஆட்டோவில் ஏறியிருப்பாள். ஸ்டாண்டுக்குப் போனால் சின்னப்பையன் இருப்பான். அவன் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் வந்தவர்கள் எல்லோரையும் போகவிட்டான்.